தொடக்க நிகழ்வுகளில் எதற்குச் செவிகொடுப்பது?

கேள்வி: ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா செயலிகளுக்கான கட்டமைப்பு) எழுதிய எங்கள் சேவை, தொடங்கும்போதே நாணய மாற்று விகிதங்களைத் தரவுத்தளத்திலிருந்து படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான மெத்தடுக்கு டிரான்சாக்ஷனல் (தரவுத்தள டிரான்சாக்ஷனுக்குள் ஓடு), போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் (ஆப்ஜெக்ட் உருவானதும் ஓடு) என்னும் இரண்டு அனோட்டேஷன்களையும் இட்டேன்; லேஸி இனிஷியலைசேஷன் பிழை (தேவைப்படும்போது படிக்கலாம் என்று விட்ட தரவைப் படிக்க முடியாத பிழை) வந்தது. கன்டெக்ஸ்ட், அதாவது ஸ்பிரிங் தன் ஆப்ஜெக்ட்களை வைத்திருக்கும் கொள்கலன், தயாரானதும் வெளியாகும் கன்டெக்ஸ்ட் ரிஃப்ரெஷ்டு ஈவென்ட்டுக்கு மாற்றினேன். இரண்டு முறை ஓடுகிறது. அப்ளிகேஷன் ஸ்டார்ட்டிங் ஈவென்ட்டுக்கு ஈவென்ட் லிசனர் எழுதினால் அது அழைக்கப்படவே இல்லை. ஆக்சுவேட்டர் (சேவையைக் கண்காணிக்க உதவும் பகுதி) தனி போர்ட்டில் இயங்குகிறது. எதைத்தான் பயன்படுத்துவது?

பதில்: மூன்றாவது சிக்கல் எளிது. ஈவென்ட் லிசனர் அனோட்டேஷன் பீன்களில் (ஸ்பிரிங் உருவாக்கி நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்களில்) மட்டுமே வேலை செய்யும். ஸ்டார்ட்டிங் நிகழ்வோ பீன்களும் கன்டெக்ஸ்ட்டும் உருவாவதற்கு முன்பே வெளியாகிவிடுகிறது. அதைக் கேட்டே ஆகவேண்டுமென்றால், ரன் மெத்தடை அழைப்பதற்கு முன் ஸ்பிரிங் அப்ளிகேஷன் ஆப்ஜெக்ட்டில் ஆட்லிசனர்ஸ் மூலம் லிசனரைச் சேர்க்க வேண்டும். உங்கள் வேலைக்கு அது தேவையில்லை.

போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் ஓடும் வேளையில் அந்த பீனுக்குச் சார்புகள் கிடைத்திருக்கும்; ஆனால் டிரான்சாக்ஷனைத் தொடங்கிவைக்கும் ப்ராக்ஸி (அழைப்புகளை முதலில் வாங்கும் உறை) அதன்மேல் இன்னும் போர்த்தப்பட்டிருக்காது. ஆகவே டிரான்சாக்ஷனல் என்று எழுதியிருந்தும் டிரான்சாக்ஷன் தொடங்கவில்லை; செஷன் (தரவுத்தளத்தோடு நடக்கும் உரையாடல்) மூடிய பிறகு தொடர்புடைய அட்டவணையைத் தொட்டதால் பிழை எழுந்தது.

இரட்டை ஓட்டத்துக்குக் காரணம் நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட அந்தத் தனி போர்ட்தான். அதற்கென ஒரு சேய் கன்டெக்ஸ்ட் உருவாகிறது. அது ரிஃப்ரெஷ் ஆகும்போது வெளியிடும் நிகழ்வு தாய் கன்டெக்ஸ்ட்டில் உள்ள லிசனர்களையும் எட்டுகிறது.

இனி தேர்வுக்கு வருவோம். பலரும் கண்ணை மூடிக்கொண்டு, தொடக்கத்தின் கடைசியில் வெளியாகும் அப்ளிகேஷன் ரெடி ஈவென்ட்டைப் பரிந்துரைப்பார்கள். நான் சற்றுத் தயங்குவேன். ஏனெனில் அது வெளியாகும்போது வெப் சர்வரின் போர்ட் ஏற்கெனவே திறந்திருக்கும், அந்த இடைவெளியில் வரும் கோரிக்கைக்கு விகிதங்கள் இல்லாத வெற்று நினைவகமே பதில் சொல்லும். உங்கள் லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பகிர்ந்தனுப்பும் கருவி) ரெடினெஸ் (தயார்) நிலையைப் பார்த்த பிறகே கோரிக்கைகளை அனுப்புகிறதென்றால் கவலையில்லை: லிசனர்கள் இயல்பாக அதே த்ரெட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன, அவை எல்லாம் முடிந்த பின்னரே சேவை கோரிக்கைகளை ஏற்கத் தயார் என்ற நிலை அறிவிக்கப்படுகிறது. விரைவுக்காக அந்த லிசனருக்கு அசிங்க் (வேறொரு த்ரெட்டில் ஓடு) என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டால் அந்தக் காத்திருப்பு இல்லாமல் போய்விடும்.

அத்தகைய ஏற்பாடு இல்லையென்றால், ஸ்பிரிங் 4.1 முதல் உள்ள ஸ்மார்ட் இனிஷியலைசிங் சிங்கிள்டன் இன்டர்ஃபேஸே உங்களுக்கு உரியது. லேஸி அல்லாத சிங்கிள்டன்கள் (தொடக்கத்திலேயே, ஒன்றே ஒன்றாக உருவாகும் பீன்கள்) அனைத்தும் ப்ராக்ஸிகளோடு உருவான பிறகு, போர்ட் திறப்பதற்கு முன், அதன் மெத்தட் அழைக்கப்படும். அதைத் தனியொரு சிறு கிளாஸில் எழுதி, அங்கிருந்து விகிதச் சேவையின் டிரான்சாக்ஷனல் மெத்தடைக் கூப்பிடுங்கள். ஒரே கிளாஸுக்குள் கூப்பிட்டால் ப்ராக்ஸியைத் தாண்டிப் போய்விடுவீர்கள், பழைய பிழையே திரும்பும். தரவுத்தளம் எட்டாமல் எக்ஸெப்ஷன் எழுந்தால், ஒரு கோரிக்கையும் உள்ளே வருவதற்கு முன்பே சேவை நின்றுவிடும்; தவறான விகிதத்தில் கணக்கிடுவதைவிட அது எவ்வளவோ மேல் என்பதால் அந்த எக்ஸெப்ஷனைப் பிடித்து விழுங்க வேண்டாம்.