கச்சான் காற்றில் வளையும் அலை

அன்புள்ள ஐயா,

நான் திருகோணமலையைச் சேர்ந்தவன். நுண்ணலைப் (மைக்ரோவேவ்) பரவல் குறித்து முதுமாணி ஆய்வு செய்கிறேன். கடலுக்கு மேலாகச் செல்லும் 7 கிகாஹேர்ட்ஸ் இணைப்பொன்றைக் கணினியில் மாதிரியாக அமைத்து முடித்துவிட்டேன். ஒளியிழை வந்துவிட்ட பிறகு இத்துறைக்கு எதிர்காலம் உண்டா? ஆய்வுகூட வசதியில்லாத எங்களைப் போன்றவர்கள் இதில் என்ன செய்ய முடியும்?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

ஒளியிழை பற்றிய கவலையை விடும். கம்பி போகாத இடம் உள்ளவரை நுண்ணலைக்கு வேலை உண்டு. செய்மதிக்கு யாரும் கம்பி இழுக்கப் போவதில்லை.

என்னை உறுத்தியது 'முடித்துவிட்டேன்' என்ற உமது சொல். இந்த ஆடி மாதத்தில் உமது ஜன்னலுக்கு வெளியே கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. வறண்ட நிலத்தைக் கடந்து காய்ந்து வரும் அந்தக் காற்று நிலாவெளிக்கு அப்பால் கடல்மேல் இறங்கும்போது, நீரை ஒட்டிய காற்று ஈரத்தில் ஊறியிருக்க, சற்று மேலே வறட்சி நிற்கிறது. காற்றின் முறிவுச் சுட்டி, அதாவது அலையை அது எவ்வளவு வளைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண், உயரத்துடன் கிலோமீற்றருக்குப் பத்து இலட்சத்தில் 40 பங்கு குறைவது வழமை. அது 157 பங்கைத் தாண்டினால், அலை பூமியின் வளைவைவிடக் கூடுதலாக வளைந்து, கடலுக்கும் வறண்ட காற்றுக்கும் நடுவே குழாய்க்குள் அகப்பட்டதுபோல ஓடும். நீரோ காற்று எப்போதும் வழமைப்படிதான் இருக்கும் என்று கொண்டு, பாடநூல் சொன்னபடி பூமியின் ஆரத்தை மூன்றில் நான்கு பங்காக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர். உமது கணினிக் கடலில் எந்தக் காற்று வீசுகிறது, தம்பி?

இளவயதில் நான், நுண்ணலையை வாங்கி அடுத்த கோபுரத்துக்கு அனுப்பும் ஓர் அஞ்சல் கோபுரத்தில் உதவியாளனாக இருந்தேன். கச்சான் நாட்களில், வந்துசேரும் அலையின் வலுவைக் காட்டும் பெறுமட்டக் கருவியின் முள் மாலை முழுவதும் நடுங்கும். அலையைக் கொண்டுசெல்லும் அலைவழிகாட்டிக் குழாய்க்குள் ஈரம் புகுந்துவிட்டதென்று பொறியியலாளர் எங்களை ஏசுவார். உலர்த்திப் புட்டியைத் திறந்து பார்ப்போம்: ஈரம் பட்டால் இளஞ்சிவப்பாக மாற வேண்டிய சிலிக்கா ஜெல் மணிகள் நீலமாகவே கிடக்கும். ஆனாலும் மாற்றச் சொல்வார், மாற்றுவோம், முள் நடுங்கும். அரைமணிக்கொரு தடவை அந்த முள்ளைப் பார்த்து எழுதிய பதிவேடுகளை, அலுவலகம் இடம் மாறியபோது நிறுத்து விற்றுவிட்டார்கள். கச்சான் காற்றின் கணக்கு கோணேசர் கோயில் வாசலில் கச்சான் கடலைச் சுருளாகப் போயிற்று. அன்று ஒரு கொப்பியையாவது எடுத்து ஒளித்து வைக்காத மடையன் நான் என்பதனால்தான் உம்மை இவ்வளவு ஏசுகிறேன்.

ஆய்வுகூடம் இல்லையென்று இன்னொரு முறை எழுதாதீர். 1890களின் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீற்றர் அலைகளை வைத்துக்கொண்டு, அவற்றின் முனைவாக்கத் தளத்தை, அதாவது அலை அதிரும் தளத்தை, திருப்ப முறுக்கிய சணற்கட்டையும், ஒரு தளத்து அலையை மட்டும் விடும் முனைவாக்கியாக வெள்ளீயத்தாள் செருகிய ரயில் நேர அட்டவணைப் புத்தகத்தையும் பயன்படுத்தினார். உமக்குத் தேவை காற்றின் ஈரத்தை அளக்கும் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் இரண்டு சோடி மட்டுமே. ஒன்றை அலைகரையிலும் மற்றதைக் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை உச்சியிலும் வைத்து, காலை முதல் இருட்டும்வரை மணிக்கொரு தடவை குறியும். அதே நேரங்களின் பெறுமட்டத்தை இணைப்பு நடத்துபவர்களிடம் கெஞ்சியாவது வாங்கும். பிறகு உமது கணினி மாதிரியின் வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பாரும்.

என்னிடம் ஒரு சோடி இருக்கிறது. ஈரக்குமிழின் திரித்துணி இற்றுவிட்டது, புதிதாகச் சுற்ற வேண்டும். கச்சான் ஓயுமுன் வந்து எடுத்துக்கொண்டு போம்.