தமிழ்நாட்டில் மேலவை ஏன் இல்லை?

ஒரு காலத்தில் இருந்தது. 1937 முதல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பேரவை, மேலவை என்று இரண்டு அவைகள், 1986 நவம்பர் 1-ஆம் தேதி மேலவைக்கு மூடுவிழா. எம்.ஜி.ஆர் மேலவைக்கு அனுப்ப நினைத்த ஒரு நடிகை, திவால் வழக்கால் உறுப்பினராக முடியாமல் போனதுதான் உடனடிக் காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். எதிர்க்கட்சியின் கை அங்கே ஓங்குமோ என்ற கணக்கும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மேலவைக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்களும், இன்னொரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்களும் தேர்ந்தெடுப்பார்கள்; பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, மிச்சம் ஆளுநரின் நியமனம்.

இந்த நியமனம்தான் சர்ச்சைக்குரிய இடம். 1952 சட்டப்பேரவைத் தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152 தான் கிடைத்தது, பெரும்பான்மை இல்லை. அப்போது தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்து, அந்த வழியாக முதல்வராக்கினார். கொல்லைப்புற வழி என்று அன்றைக்கே திட்டினார்கள். ஆனால் 1967-இல் எம்.பி.யாக இருந்த அண்ணாவும் முதல்வரானபின் மேலவைக்குத்தான் வந்தார், அது தேர்ந்தெடுக்கப்பட்டு.

சரி, இப்போது? ஒரே அவை, 234 உறுப்பினர்கள், அதில் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு, 2 பழங்குடியினருக்கு. ஆங்கிலோ இந்தியர் ஒருவரை நியமிக்கும் வழக்கம் 2020-இல் போய்விட்டது.

திரும்பக் கொண்டுவர கருணாநிதி முயன்றார், 2010-இல் 78 இடங்களுடன் நாடாளுமன்றச் சட்டமே வந்தது. அப்புறம் 2011-இல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் வேண்டாமென்று தீர்மானம் போட்டுவிட்டார்.