கணக்கின் விடையை எந்த லாக் நிலையில் வைப்பது?

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலையில் கணக்கு பார்க்கும் வாசகர், கிழங்கு லோடுகளின் எடைச்சீட்டுகளைப் படித்து ஒவ்வொரு விவசாயிக்கும் சேர வேண்டிய தொகையைச் சொல்லும் கமாண்ட் லைன் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறார். தொகையை லாகர் (நிரல் தன் செயல்பாடு பற்றிய செய்திகளைப் பதியும் கருவி) வழியாக, வெறும் தகவலுக்கான இன்ஃபோ நிலையில் அனுப்பினால் திரையில் எதுவும் வரவில்லை. அதை எந்த நிலையில் வைப்பது என்று கேட்கிறார்.

எந்த நிலையிலும் வைக்க வேண்டாம். பைத்தான் லாகர், வேறு ஏற்பாடு செய்யாதவரை, வார்னிங் (எச்சரிக்கை) நிலையும் அதற்கு மேற்பட்டவையும் மட்டுமே வெளியிடும். வார்னிங்கின் எண் 30, இன்ஃபோவின் எண் 20 என்பதால் உங்கள் தொகை வடிகட்டப்பட்டுவிட்டது. வரம்பைத் தளர்த்தினாலும் லாக் வரிகள் வழக்கமாக, பிழைச் செய்திகளுக்கான தனி வழியான ஸ்டாண்டர்டு எரருக்கே போகும் என்பதால், வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் அந்தக் கோப்பு காலியாகவே இருக்கும். தொகை என்பது நிரலைப் பற்றிய செய்தி அன்று; நிரலிடம் கேட்கப்பட்ட விடை. அதைப் பிரிண்ட் கொண்டு, விடைக்கான வழியான ஸ்டாண்டர்டு அவுட்புட்டில் எழுதுங்கள்.

இனி லாக் நிலைகள். கணினிகள் லாக் செய்திகளை அனுப்புவதற்கென 2009-இல் வெளியான சிஸ்லாக் நெறிமுறை, ஆர்.எஃப்.சி. 5424, மிகத் தீவிரமான எமர்ஜென்சி 0 முதல், பிழை தேடுவோருக்கான டீபக் 7 வரை எட்டு நிலைகளை வகுக்கிறது. உங்கள் நிரலுக்கு அத்தனையும் தேவையில்லை. வார்னிங்குக்கும் எரருக்கும் இடையிலான கோட்டைச் சரியாகப் போட்டாலே பெரும்பாலான குழப்பம் தீரும். விடை சரியாகவே இருக்கிறது, ஆனால் ஒருவர் பார்த்துவைப்பது நல்லது என்றால் வார்னிங்: சீட்டில் விவசாயியின் கைபேசி எண் விடுபட்டிருப்பது அப்படிப்பட்டது. தொகையைக் கணக்கிடத் தேவையான பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவு, சீட்டில் விடுபட்டிருந்தால் கதை வேறு. அந்த லோடை மட்டும் தள்ளிவிட்டு மீதியைக் கூட்டி ஒரு தொகையைக் காட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன், ஏனென்றால் பார்ப்பவர் அதை முழுத் தொகை என்று நம்பிப் பணம் கொடுத்துவிடுவார். அந்த விவசாயியின் தொகையையே காட்டாமல், எரராகப் பதிந்து, நிரல் முடியும்போது, தோல்வியைக் குறிக்கும் பூஜ்யமல்லாத எக்ஸிட் கோடைத் திருப்புங்கள்.

செய்தியின் வாசகமும் முக்கியம். “கீஎரர்: பாயிண்ட்” என்ற பைத்தானின் பிழைச்செய்தி கணக்கருக்கு ஒன்றும் சொல்லாது, “சீட்டு 417-இல் பாயிண்ட் இல்லை, இந்த விவசாயியின் தொகை கணக்கிடப்படவில்லை” என்றால் எந்தச் சீட்டை எடுத்துத் திருத்துவது என்று அவருக்கு உடனே தெரியும். பிழை எழுந்த இடத்தைக் காட்டும் நீண்ட டிரேஸ்பேக்கை டீபக் நிலைக்குத் தள்ளிவிடுங்கள்.

வெர்போஸ் (கூடுதல் செய்திகள்), கொயட் (குறைந்த செய்திகள்) போன்ற விருப்பங்களைச் சேர்த்தால், அவை லாகரின் வரம்பை மட்டுமே மாற்றட்டும். கொயட் கொடுத்தாலும் தொகை வந்தாக வேண்டும்.