இன்ஜின் நின்றால் திரும்பலாமா?

கேள்வி: ரன்வே பின்னாலேயே இருக்கிறதே, ஒற்றை இன்ஜின் சிறு விமானம் டேக்-ஆஃப் ஆனதும் இன்ஜின் நின்றால் திரும்பி வந்து இறங்குவதில் என்ன கஷ்டம்?

பதில்: என்னிடம் விமானம் ஓட்டக் கற்கும் எல்லா மாணவர்களும் கேட்பதுதான். அந்தத் திருப்பம் 180 டிகிரியோடு முடிவதில்லை. திரும்பி முடிக்கும்போது விமானம் ரன்வேக்குப் பக்கவாட்டில் விலகி நிற்கும். மறுபடி கோட்டுக்கு வர இன்னும் 30, 40 டிகிரி திரும்பி, கடைசியில் எதிர்ப்பக்கம் ஒரு வளைவு போட வேண்டும். அதற்குள் உயரம் கரைந்துவிடும். சீக்கிரம் திரும்பலாமென்று இறக்கையை அதிகம் சாய்த்தால் இன்னொரு வம்பு: ஸ்டால் வேகம், அதாவது எதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காதோ அந்த வேகம், 45 டிகிரி சாய்வில் 19 சதவீதம் கூடும், 60 டிகிரியில் 41 சதவீதம். பதற்றத்தில் மூக்கையும் தூக்கினால் விமானம் சுழன்று விழும். 500 அடியில் அதிலிருந்து மீள உயரம் கிடையாது. நேராகவோ, கொஞ்சம் இடம் வலமாகவோ தெரியும் வெட்டவெளியில் இறக்குங்கள். விமானம் நொறுங்கினால் நொறுங்கட்டும், அது இன்ஷூரன்ஸ்காரர் கவலை.

கேள்வி: அந்த நொடியில் முதல் வேலை என்ன?

பதில்: மூக்கைத் தாழ்த்துவது. ரேடியோவெல்லாம் அப்புறம். செஸ்னா 152 என்ற சிறு பயிற்சி விமானம் என்றால் 60 நாட் வேகத்தைப் பிடிக்க வேண்டும். பாதுகாப்பான உயரத்தில் நான் திடீரென்று த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) இழுத்துப் பார்ப்பதுண்டு. பெரும்பாலும் மாணவரின் ஒரு கை சுவிட்சுகளைத் தேடும். இன்னொரு கை கண்ட்ரோலை அப்படியே இழுத்துப் பிடித்திருக்கும். வேகமானியின் முள் மட்டும் இறங்கிக்கொண்டே வரும்.

கேள்வி: நடிகர் ஹாரிசன் ஃபோர்டின் விமானமும் இப்படித்தான் விழுந்ததா?

பதில்: ஆமாம். 2015 மார்ச் 5, கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா. இரண்டாம் உலகப்போர் காலத்துப் பயிற்சி விமானமான ரயான் பிடி-22. கிளம்பிய சற்று நேரத்தில் இன்ஜின் சக்தி போனது. திரும்பி வருவதாகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் சொன்னவர், எட்டாது என்று தெரிந்ததும் பக்கத்து கால்ஃப் மைதானத்தில் இறக்கினார். மரத்தில் உரசி விழுந்து பலத்த காயம், ஆனால் உயிர் தப்பினார். விசாரணையில் அகப்பட்டது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் கழன்றிருந்த ஒரு ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு. அதன் வழியே பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்திருக்கிறது. தோள்பட்டை பெல்ட் மாட்டிய இடம் பலமாக இல்லாததால் காயம் அதிகமானது என்றும் சொன்னார்கள்.

கேள்வி: இன்ஜினில் தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டு இருக்கும்போது எப்படி நிற்கும்?

பதில்: ஒன்று போனாலும் இன்ஜின் ஓடும், சக்தி கொஞ்சம் குறையும். பெட்ரோல் வராவிட்டால் இரண்டு இருந்தும் பயனில்லை.

கேள்வி: கிளம்புமுன்பே தெரிந்துகொள்ள முடியாதா?

பதில்: எல்லாம் தெரியாது, மேலே சொன்ன ஜெட் வெளியிலிருந்து கண்ணில் படாது. ஆனால் பெட்ரோலில் தண்ணீர் இருந்தால் தெரியும். டேங்க் அடியிலிருந்து சிறு குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். சிறு விமானங்களுக்கு ஊற்றும் 100 எல்எல் ரகப் பெட்ரோல் இளநீலம். தண்ணீர் கனமானது, அடியில் குமிழாக உட்கார்ந்திருக்கும். சரி, குமிழே இல்லாமல் குப்பி முழுக்கத் தெளிவாக இருந்தால்? நீலம் தெரிகிறதா, பெட்ரோல் வாசம் வருகிறதா என்று பார்த்த பிறகு சந்தோஷப்படுங்கள். மொத்தமும் தண்ணீராகவே இருக்கலாம்.