54 வயதில் வீட்டுக் கடன்: ஏஜென்ட் சொல்லும் 20 வருஷக் கணக்கு

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் லீஸ் வீட்டில் இருக்கிறோம். எனக்கு 54 வயது, தனியார் கம்பெனி வேலை, 60இல் ரிட்டயர்மென்ட். 50 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். கையிருப்பு என்றால் லீஸுக்குக் கொடுத்த 12 லட்சம்தான். வேலைக்குப் போகும் மகனையும் சேர்த்தால் 20 வருஷத்துக்கு 40 லட்சம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார், 1 சதவீதம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: கடன் கிடைக்கும். ஏஜென்ட்டுக்கு மட்டும் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவருக்குக் கமிஷன் கொடுப்பது வங்கி. உங்களிடம் கேட்கிற 40 ஆயிரம் அதற்கு மேல் சும்மா வருகிற பணம். 'உள்ளே ஆளைப் பார்க்கணும் சார்' என்பார். ஒருத்தரையும் பார்க்க வேண்டாம். பிராசஸிங் ஃபீஸை நேராக வங்கிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். இந்த ஆட்கள் ஒரே வாரத்தில் நாலைந்து வங்கியில் உங்கள் விண்ணப்பத்தைப் போட்டுவிடுவார்கள், ஒவ்வொன்றும் சிபிலில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில், ஏறி ஸ்கோரை இறக்கும், அப்புறம் 'உங்க ஸ்கோர் சரியில்லையே' என்று உங்களிடமே சொல்வார்கள்.

மாதச் சம்பளக்காரர் தனியாகக் கேட்டால் ரிட்டயர்மென்ட் வரைதான் தவணை என்பார்கள் பெரும்பாலான வங்கிகளில். உங்களுக்கு 6 வருஷம். 8.5 சதவீத வட்டியில் 40 லட்சத்துக்கு மாதம் 71 ஆயிரம் ஆகும், கட்ட முடியாது. மகன் சேர்ந்து, பத்திரத்திலும் அவர் பெயர் இருந்தால், பல இடங்களில் அவர் வயதைப் பார்த்துத் தவணையை நீட்டுவார்கள். 20 வருஷம் என்றால் மாதம் சுமார் 34,700. ஆனால் மொத்தம் 83 லட்சம் கட்டியிருப்பீர்கள். 10 வருஷம் என்றால் மாதம் 49,600, மொத்தம் 60 லட்சத்துக்குள்.

மகன் விஷயத்தில் ஏஜென்ட் சொல்லாத ஒன்று உண்டு. பாதி இஎம்ஐ நீங்கள் கட்டினாலும் சரி, முழுக்க நீங்களே கட்டினாலும் சரி, சிபிலில் முழுக் கடனும் மகன் பெயரிலும் நிற்கும். நாளைக்கு அவர் கல்யாணமாகித் தனக்கென்று ஒரு வீட்டுக்குக் கடன் கேட்டால் இந்த இஎம்ஐயைக் கழித்துவிட்டுத்தான் தகுதி பார்ப்பார்கள். உங்கள் 60 வயதுக்குப் பிறகு தவணை அவர் தலையில்தான். அவர் வேலை மாறினாலும், வெளிநாடு போனாலும் அதே கதைதான். இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது, அதனால் கிராஜுவிட்டி வந்ததும் ஒரு பகுதியை அசலில் போடலாம். பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள், அது உங்கள் சாப்பாட்டுக்கு.

இன்ஷூரன்ஸ் எடுத்தால்தான் கடன் பாஸாகும் என்று கிளையிலேயே சொல்வார்கள். பொய். ஆயுள் காப்பீடு கட்டாயமில்லை. 3 லட்ச ரூபாய் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்தால் 10 வருஷத்தில் அது 4.46 லட்சமாகும். கட்டாயம் என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறும். இத்தனை விதி இருந்தும் இதைக் கேட்க ஆளில்லை என்பதுதான் எரிச்சல்.

பி காத்தா ஃபிளாட், அதாவது மாநகராட்சிப் பதிவில் முறையான அனுமதி இல்லாத சொத்துப் பட்டியலில் இருப்பது, என்றால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக உங்கள் 12 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு விலையில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு, ஆக 40 லட்சத்துக்கு மேல் தர மாட்டார்கள். பத்திரச் செலவு அதில் சேராது. கர்நாடகாவில் முத்திரைத் தீர்வை, செஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து இப்போது 7.6 சதவீதம், உங்களுக்கு 3.8 லட்சம். ஆக மொத்தம் 53.8 லட்சம் வேண்டும், உங்களிடம் இருப்பது 52. அந்த 12 லட்சமும் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. அடுத்த லீஸ் ஆள் வந்தால்தான் தருவேன் என்று மாதக்கணக்கில் இழுப்பவர்கள் இந்த ஊரில் நிறைய. இப்போதே எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். பணம் உங்கள் கணக்கில் விழுந்த பிறகு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.