‘ஃபியர் த வாக்கிங் டெட்’ எப்போது தேறுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கே: செத்தவர்கள் ஜோம்பிகளாக எழுந்து நடமாடும் ‘த வாக்கிங் டெட்’ தொடரை விரும்பிப் பார்த்தவள் நான். அதன் கிளைத்தொடரான ‘ஃபியர் த வாக்கிங் டெட்’டின் முதல் சீசனை முடிப்பதற்குள் பொறுமை போய்விட்டது. மூன்றாம் சீசன் பிரமாதம் என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான். அதற்காக நடுவில் இருக்கும் 15 எபிசோடுகளையும் சகித்துக்கொள்ள வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

ப: உங்கள் தம்பி சொல்வது சரி, உங்கள் சலிப்பும் நியாயமானதே. 2015 ஆகஸ்டில் ஏஎம்சி தொலைக்காட்சியில் முதல் எபிசோடு வெளியானபோது அமெரிக்காவில் அதை ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். மூலத் தொடரின் நாயகன் ரிக் மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்த நாட்களில் உலகம் எப்படிச் சரிந்தது என்பதை லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வைத்துக் காட்டப்போகிறார்கள் என்ற எதிர்பார்ப்புதான் அவ்வளவு பேரையும் இழுத்தது. ஆனால், செத்தவர்கள் எழுந்து கடிப்பார்கள் என்பது பார்க்கிற நமக்கு முன்பே தெரியும். திரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு விளங்கும் வரை நாம் காத்துக்கிடந்தோம். விளங்கியதும் ராணுவம் வந்து குடியிருப்பைச் சுற்றி வேலி போட்டது. கதை 9 நாட்களைத் தாண்டிக் குதித்தது. நகரம் விழுந்தது அந்த 9 நாட்களில்தான். பந்திக்கு அழைத்துவிட்டு இலையை எடுத்ததற்குச் சமம் அது.

இருந்தாலும், முதல் சீசனின் ஆறு எபிசோடுகளிலேயே ஐந்தாவதில் ஒரு நல்ல அடையாளம் தெரிந்தது. ராணுவத்தின் கைதிக் கூண்டில், கசங்காத சூட் அணிந்த விக்டர் ஸ்ட்ராண்ட், பக்கத்தில் இருப்பவனிடம் அவன் மனைவியைப் பற்றி மெல்லிய குரலில் பேசிப் பேசியே அவனை நொறுக்குகிறார். பிறகு, காவலனிடம் தன் சட்டைக்கை பொத்தான்களைக் கொடுத்து, நாயகி மேடிசனின் மகனான, போதைக்கு அடிமையான நிக் என்னும் இளைஞனை அங்கிருந்து கொண்டுபோகாமல் தடுக்கிறார். இந்த மனிதர் நல்லவரா, வியாபாரியா என்று நமக்குப் பிடிபடுவதில்லை. பின்னாளில் இரண்டு முறை சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற கோல்மன் டொமிங்கோதான் அவர்.

இரண்டாம் சீசனின் முற்பாதி, மேடிசன் குடும்பம் தப்பிச் செல்லும் படகிலேயே போகிறது. கரை, ஆபத்து, ஓட்டம், மறுபடி கடல் என்று ஒரே தடத்தில் சுற்றுவதால், நேரமில்லாதவர்கள் கதைச்சுருக்கம் படித்துக்கொண்டாலே போதும். பிற்பாதியில் குடும்பம் சிதறி, நிக் தன்னந்தனியாக, உடம்பெல்லாம் பிணத்தின் ரத்தத்தைப் பூசிக்கொண்டு, நடைப்பிணங்களுக்கு நடுவிலேயே மெக்சிகோவின் டிஹுவானா நகரை நோக்கி நடக்கத் தொடங்குகிறான். அங்கிருந்து பாருங்கள்.

கே: மூன்றாம் சீசனில் அப்படி என்னதான் மாறிவிட்டது? நடிகர்கள் அவர்களே, ஜோம்பிகளும் அவையே அல்லவா?
– வாசகர், திண்டுக்கல்

ப: மாறியது கேள்வி. முதல் இரண்டு சீசன்களும் ‘இவர்கள் தப்பிப்பார்களா?’ என்று மட்டுமே கேட்டன. மூன்றாம் சீசன், ‘இந்த நிலம் யாருடையது, இந்தத் தண்ணீர் யாருக்கு?’ என்று கேட்டது. அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் ஜெரமையா ஆட்டோ என்ற முதியவரின் பண்ணை இருக்கிறது. உலகம் ஒருநாள் அழியும் என்று பல ஆண்டுகளாக உணவும் துப்பாக்கியும் சேர்த்து வைத்தவர். அதைப் பற்றி வீடியோ எடுத்து விற்றவர். அந்த நிலம் தன் மக்களுடையது என்கிறார் பூர்வகுடித் தலைவர் வாக்கர். இந்தச் சண்டை ஜோம்பிகள் வருவதற்கு முன்பே இருந்தது. காவல்துறையும் அரசும் இல்லாமல் போனதால் அது வெட்டவெளிக்கு வந்தது, அவ்வளவே. வாக்கராக நடித்த மைக்கேல் கிரேஐஸ் கனடாவின் பூர்வகுடியைச் சேர்ந்தவர். இரு தரப்பிலும் நியாயமும் கொலையும் சம அளவில் இருப்பதால், ‘வில்லனை எப்போது ஒழிப்பார்கள்’ என்று காத்திருக்கும் பழக்கம் நமக்கே மறந்துபோகிறது.

இதற்கு நடுவில் மேடிசன். பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசகராக இருந்த தாய், தன் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காக இனவெறியர்களின் பண்ணையில் தங்கவும், பொய் சொல்லவும், கடைசியில் ஒரு தலையைப் பையில் போட்டு எதிராளியிடம் கொண்டுசெல்லவும் துணிகிறாள். மேடிசனாக வரும் கிம் டிக்கன்ஸ் அதைக் கண்ணீர் விடாமல் நடித்திருப்பதுதான் பயமுறுத்துகிறது. நான்காம் எபிசோடு ஏறக்குறைய முழுவதும் ஸ்பானிய மொழியில், முதல் சீசனிலிருந்தே வரும், ரூபன் பிளேட்ஸ் நடித்த டேனியல் சலசாரை ஓர் அணைக்கட்டுக்குக் கொண்டுபோகிறது. ஊர் தாகத்தில் தவிக்க, குழாயைத் தன் கையில் வைத்திருப்பவன் தலைவனாகிவிட்ட இடம் அது.

நடைப்பிணங்களும் இந்த சீசனில் கதைக்குள் வந்து சேர்கின்றன. பண்ணை மக்கள் நிலவறைக்குள் அடைந்து கிடக்க, வெளியே கூட்டம் மொய்க்கிறது. உள்ளே காற்று போதவில்லை. எல்லோரும் மூச்சு விட முடியாது என்று தெரிந்ததும், கடிபட்டவர்கள் தாமாகவே சாக முன்வர வேண்டும் என்று கேட்கப்படுகிறது. மேடிசனின் மகள் அலிசியா ஒவ்வொருவர் அருகிலும் அமர்ந்து மார்ஃபின் செலுத்தி, அவர்கள் பேச்சைக் கேட்டு, பிறகு கத்தியை எடுக்கிறாள். கதவை உடைத்துக்கொண்டு எதுவும் உள்ளே வரவில்லை. ஆனால் மொத்தத் தொடரிலும் இதைவிடக் கொடுமையான முக்கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு வேடிக்கை: தரம் உயர்ந்த இந்த சீசன் வெளியான 2017-இல் பார்வையாளர் எண்ணிக்கை முதல் சீசனில் இருந்ததில் பாதிகூட இல்லை.

கே: அப்படியானால் அதன்பிறகு இன்னும் நன்றாக இருந்திருக்க வேண்டுமே? நான்காம் சீசனைப் பலரும் திட்டுகிறார்களே.
– வாசகர், ஈரோடு

ப: ஏணியைப் போல ஒரே சீராக ஏறவில்லை. மூன்று சீசன்களை நடத்திய டேவ் எரிக்சன் விலகினார். ஆண்ட்ரூ சாம்ப்லிஸ், இயன் கோல்ட்பர்க் இருவரும் பொறுப்பேற்றார்கள். மூலத் தொடரிலிருந்து லென்னி ஜேம்ஸ் நடித்த மோர்கன் வந்து சேர்ந்தார்; களம் டெக்சஸுக்கு மாறியது; படத்தின் நிறம்கூடச் சாம்பலாகிப்போனது. எல்லையும் தண்ணீரும் பின்னணிக்குப் போய், தொடர் தன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறொன்றாகிவிட்டது. அதற்கு நடுவிலும் ஐந்தாம் எபிசோடு ஒரு முத்து: ஆற்றங்கரைக் குடிலில் தனியாக வாழும் ஜான் டோரியும், அடிபட்டு ஒதுங்கிய ஒரு பெண்ணும் மட்டுமே அதில். ஐந்தாம் சீசன், முன்பின் தெரியாதவர்களுக்கு உதவுவது பற்றி ஓயாமல் உபதேசம் செய்தது. அதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை.

கே: ஆறாம் சீசனில் மீண்டுவிட்டது என்கிறார்களே, உண்மையா? எங்கே நிறுத்தலாம்?
– வாசகி, திருநெல்வேலி

ப: உண்மை. எழுதியவர்கள் அதே இருவர்தான். எழுதிய முறை மாறியது. வர்ஜீனியா என்ற பெண், மோர்கனின் குழுவைப் பிரித்து வெவ்வேறு குடியிருப்புகளுக்கு அனுப்பிவிடுவதால், 2020 அக்டோபரில் தொடங்கிய இந்த சீசனின் பெரும்பாலான எபிசோடுகள் ஒன்றிரண்டு பேரை மட்டுமே பின்தொடர்கின்றன. பத்துப் பேருக்கும் ஆளுக்கு இரண்டு வசனம் கொடுக்கும் கட்டாயம் போனதும் நடிப்புக்கு இடம் கிடைத்தது. நான்காம் எபிசோடில் காவலராக இருக்கும் ஜான் டோரி, விபத்து என்று மூடப்பட்ட ஒரு சாவை விடாமல் துருவுவது தனிப் படமாகவே நிற்கும். சீசனின் இறுதியில் அணுகுண்டுகள் விழுகின்றன.

அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஏழாம் சீசனின் கதிர்வீச்சுப் பாலைவனம் பார்க்க அழகு, கதையாக மெலிவு. நான்காம் சீசனில் இறந்ததாகக் காட்டப்பட்ட மேடிசன் ஏழாம் சீசனின் கடைசியில் திரும்பி வந்தும், 2023 நவம்பரில் முடிந்த எட்டாம் சீசன் அவளுக்கு மூன்றாம் சீசனில் இருந்த கூர்மையைத் தரவில்லை.