பச்சை லைட் எரிந்தால் பில் குறையுமா?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரண்ட் பில் புலம்பல்தான். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: டை கட்டிய இரண்டு தம்பிமார் வீட்டுக்கு வந்து ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார்கள். பிளக்கில் குத்தி வைத்தால் பில் 30 வீதம் குறையுமாம். 4,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரண்டு மாதமாகப் பச்சை லைட் எரிகிறது, பில் அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.
(வாசகி, ஹட்டன்)

பதில்: முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள் அம்மா. ஏமாற்றியவன் தலை நிமிர்ந்து திரிகிறான், நீங்கள் ஏன் ஒளிக்க வேண்டும்?

இந்தப் பெட்டியைத் திட்டி எழுத எனக்கு அலுப்பதே இல்லை. பிரித்துப் பார்த்தால் ஒரு கெப்பாசிட்டர், அந்தப் பச்சை லைட், அதை எரிக்க ஒரு துண்டு சர்க்கிட். அவ்வளவுதான். வந்தவர்கள் ஒரு குட்டி மோட்டரை ஓடவிட்டு, அம்பியர் மீட்டர் வைத்துக் காட்டுவது வழக்கம். பெட்டியைக் குத்தியதும் அம்பியர் இறங்கும். அது பொய்யில்லை, எரிச்சலே அதில்தான். மோட்டர் இழுக்கும் கரண்டில் ஒரு பகுதி எந்த வேலையும் செய்யாமல் போய்த் திரும்பி வரும். கெப்பாசிட்டர் குறைப்பது அந்தப் பகுதியை. வீட்டு மீட்டரோ அதை எண்ணுவதே இல்லை, உண்மையில் செலவான யூனிட்டை மட்டும்தான் எண்ணும். தேயிலை ஃபெக்டரிக்குக் கதை வேறு. வாட்டும் காற்றாடி, ரோலர் என்று பெரிய மோட்டர்கள் ஓடுகிற இடத்தில் உச்சக் கேவிஏ அளவுக்கும், அதாவது அந்த வேலை செய்யாத கரண்டும் உட்பட இழுக்கும் அதிகபட்ச அளவுக்கும், சேர்த்துக் காசு கட்ட வேண்டும். அங்கே கெப்பாசிட்டர் வைத்தால் லாபம் உண்டு. ஃபெக்டரிக்குப் பொருந்துகிற விஷயத்தைப் பாதி மறைத்து, நம்ம வீட்டு வாசலில் கொண்டுவந்து விற்கிறார்கள்.

நம்பாவிட்டால் நீங்களே பாருங்கள். மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு லைட் சிமிட்டும். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கேத்தலை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். பிறகு பெட்டியையும் குத்திவிட்டு எண்ணுங்கள். கணக்கு மாறாது.

காசு திரும்பக் கிடைக்குமா? நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும், உங்களுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. அவர்களுடைய 1977 என்ற போன் நம்பருக்கு அழைத்து விவரம் கேளுங்கள். பில் தந்திருக்க மாட்டார்கள். விசிட்டிங் கார்ட், போன் நம்பர், வாட்ஸ்அப் செய்தி எது இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள். அடுத்த முறை எவனாவது டை கட்டி வந்தால், "பில் புத்தகம் இருக்கா தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டர் பூட்டினோம். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை, பில் மட்டும் ஏறிவிட்டது. கடைக்காரர் 5.5 கிலோவாட் வாங்கச் சொல்கிறார். வீட்டில் நான்கு பேர்.
(வாசகர், நுவரெலியா)

பதில்: ஹீட்டரில் குறை இல்லை, உங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி. பைப்பில் 15 பாகையில் வருகிற தண்ணீரை 38 பாகைக்கு ஏற்ற வேண்டுமென்றால் 3.5 கிலோவாட்டால் நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் சொச்சம்தான் முடியும். நூல் மாதிரி வரும். கொழும்பில் அதே ஹீட்டர் ஜோராக வேலை செய்யும்.

பில் கணக்கு இது. பத்து நிமிடக் குளியலுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். நான்கு பேர், முப்பது நாள் என்றால் 70 யூனிட். மாதம் 60 யூனிட்டைத் தாண்டிவிட்டால் முதல் யூனிட்டில் இருந்தே வேறு விலை, நிலைக்கட்டணமும் கூடும். ஆக ஹீட்டர் ஒன்றே உங்களை அந்தக் கோட்டுக்கு மேல் தள்ளிவிடுகிறது. கரண்ட் எடுக்கும் லக்சபானவும் காசல்ரீயும் மேல் கொத்மலையும் நம்ம மலையில்தான் இருக்கின்றன, அதற்காக நமக்கு ஒரு சதம் கழிவில்லை.

5.5 வாங்காதீர்கள். அது 24 அம்பியர் இழுக்கும், வயரையே மாற்ற வேண்டிவரும். இப்போது இருப்பதும் 15 அம்பியர். அதை 13 அம்பியர் பிளக்கில் குத்தியிருந்தால் இன்றே கழற்றுங்கள், பிரேக்கர்கள் இருக்கும் டி.பி. பெட்டியிலிருந்து தனி லைன் வேண்டும். வாளியும் கோப்பையும் கௌரவக் குறைச்சல் இல்லை: 15 லீற்றர் சுடுதண்ணீருக்கு அரை யூனிட்டும் ஆகாது. கையில் காசிருந்தால் சூரிய வெந்நீர்த் தொட்டி போடலாம். உங்கள் ஊரில் ஜனவரியில் உறைபனி கொட்டும், ஆகவே தட்டையான பேனலை விட கண்ணாடிக் குழாய் வைத்தது நல்லது.

கேள்வி: ஃபேஸ்புக்கில் படம் பார்த்து ஜப்பான் ரீகண்டிஷன் ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினேன். 100 வோல்ட்டாம், ட்ரான்ஸ்போமர் தனியாக வாங்கச் சொன்னார்கள். அது இரவு பகலாக உறுமுகிறது, கை வைத்தால் சுடுகிறது. வாரண்டியும் இல்லை. என்ன செய்யலாம்?
(வாசகர், கண்டி)

பதில்: படத்தில் ட்ரான்ஸ்போமர் தெரியாதுதான். வோல்ட் எத்தனை, வாரண்டி எத்தனை மாதம் என்று காசு கொடுக்கும் முன் கேட்க வாயும் இல்லையா? அந்தச் சூடெல்லாம் நீங்கள் காசு கட்டும் யூனிட். ஃபிரிட்ஜில் கரண்ட் மிச்சம் பிடித்தாலும் ட்ரான்ஸ்போமர் 24 மணித்தியாலமும் தின்றுவிடும். ஆளில்லாத வீட்டில் அதை ஓடவிட்டுப் போகாதீர்கள். என் வீட்டு அலுமாரி மேலும் ஒரு ஜப்பான் ரைஸ் குக்கர் இருக்கிறது. மருமகன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நேரே நம்ம 230 வோல்ட் லைனில் குத்தினான், ஒரு பானை சோறுகூட அதில் வேகவில்லை. விற்க முடிந்தால் விற்றுவிடுங்கள், வாங்குபவரிடம் 100 வோல்ட் என்று சொல்லி விற்றுவிடுங்கள்.

கேள்வி: பருப்பு வேக ஒரு மணித்தியாலம் ஆகிறது, கேஸ் சிலிண்டர் நிற்பதில்லை. அடுப்பை மாற்றலாமா?
(வாசகி, கந்தப்பளை)

பதில்: அடுப்பு பாவம். உங்கள் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. பிரஷர் குக்கர் வாங்குங்கள், பருப்பை ஊற வையுங்கள்.

கேள்வி: கூரையில் 5 கிலோவாட் சோலார் போட பேங்க் லோன் எடுக்கப்போகிறோம். மாதம் 140 யூனிட் எரிக்கிறோம். கரண்ட் போனாலும் நமக்கு வெளிச்சம் இருக்கும் என்கிறார் கம்பெனிக்காரர்.
(ஆசிரியர், பண்டாரவளை)

பதில்: இருக்காது சார். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். லைனோடு இணைத்த சாதாரண இன்வெர்ட்டர், கரண்ட் போன நொடியே தானும் நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்பவர் சாகக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பேட்டரி வைத்தால்தான் வெளிச்சம், அதற்கு விலை தனி. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு இந்தப் பொய்யைச் சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வருகிறதோ.

நல்ல வெயில் ஊரில் ஒரு கிலோவாட் மாதம் 110, 120 யூனிட் தரும். கம்பெனிக்காரர் போட்ட கணக்கு அம்பாந்தோட்டை வெயிலுக்கா, பண்டாரவளை மூட்டத்துக்கா என்று கேளுங்கள். மழை கொட்டும் வட்டவளைக்காரர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். உங்கள் ஊவாப் பக்கம் பரவாயில்லை, ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் கழித்துப் பாருங்கள். பக்கத்துச் சவுக்கு மரத்தின் நிழல் ஒரு பேனலில் விழுந்தால் அந்த வரிசையே மந்தமாகும். காலை ஒன்பது, மதியம், மாலை மூன்று என்று கூரையில் நிழல் விழும் இடத்தைப் படமெடுத்து அவர்களிடம் நீட்டுங்கள்.

மிஞ்சும் யூனிட்டை விற்று லோன் கட்டலாம் என்ற பேச்சும் வரும். 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற அரசாங்கத்தின் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது முதல் 7 வருடத்துக்கு யூனிட்டுக்கு 22 ரூபாய். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு விலை ஏறியும் இறங்கியும் மாறியிருக்கிறது. துண்டுப்பிரசுரத்தில் உள்ள விலையை விடுங்கள், இன்று கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தத்தில் எழுதும் விலை எது என்று உங்களுக்குக் கரண்ட் தரும் நிறுவனத்திலேயே கேளுங்கள். 140 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 5 கிலோவாட் எதற்கு என்பதையும் அந்தக் கம்பெனிக்காரரிடமே கேளுங்கள்.

கேள்வி: குளிருக்குப் படுக்கை அறையில் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்தலாமா? ஹீட்டரை விட மலிவு.
(வாசகர், தலவாக்கலை)

பதில்: கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட் வாயு வாசமில்லாமல் கொல்லும். இன்னொரு கம்பளி வாங்குங்கள், கதவுக்கு அடியில் பழைய சாக்கைச் சுருட்டி வையுங்கள்.

கேள்வி: பஸ் ஸ்டாண்டில் எல்.ஈ.டி. பல்பு மூன்று 500 ரூபாய். பெட்டியில் கம்பெனிப் பெயர் இல்லை, கரண்ட் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர லேபலும் இல்லை. வாங்கலாமா?
(வாசகர், பதுளை)

பதில்: பெயர் இல்லை, லேபல் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் என்ன கேள்வி?